மூன்றரை மணி மருந்து

அண்டாக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்று இன்று யாருக்கும் ஞாபகமில்லை. ஒல்லியான உடம்பு. சோறு வடிக்கிற பெரிய அண்டாவைப் படுக்கப் போட்டு, இடுப்பு வரை உள்ளே நுழைந்து தேய்ப்பாள். வெளியே இரண்டு கால் மட்டும் தெரியும். அந்தக் கால்களைப் பார்த்து எவனோ வைத்த பெயர் பதினான்கு வருடமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. சம்பளச் சீட்டில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில். ஊரார் பணத்தை வாங்கி, அதை இன்னும் பெரிய பணமாக்கித் தருவதாகச் சொல்கிற கம்பெனி. எட்டு மாடியில் பணம் பெருகியது, ஒன்பதாவது மாடியில் பெருக்கியவர்கள் சாப்பிட்டார்கள். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர் வைத்த சாப்பாட்டுக் கூடம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சமையலறை. வேலை செய்கிறவர்களை மேலே இருப்பவர்கள் பார்க்கட்டும், வெளிப்படையாக இருக்கட்டும் என்று கட்டியதாம். வெளிப்படை என்றால் என்னவென்று பிறகு தெரிந்தது.

பழைய காண்டிராக்டர் ஒன்றும் தர்மவான் இல்லை. சம்பளத்தை இழுத்தடிப்பான், கேட்டால் குரைப்பான். ஆனால் மதியம் மூன்று மணிக்கு மேல் தட்டங்களில் மிஞ்சியதைக் கண்டும் காணாமலும் இருந்துவிடுவான். யாரும் கை வைக்காத கோழி, மேலே ஒரு விரிசல்கூட விழாத கேக், அப்படியே இருக்கிற ரொட்டி. ஆளுக்கு ஒரு டப்பா. அண்டாக்காவின் வீட்டில் மட்டுமில்லை, அவளுடைய நாத்தனார் வீட்டிலும் ராத்திரி அடுப்பு பாதி நாள் எரியாது, எரிய வேண்டிய தேவையும் இருக்காது. நாத்தனாரும் அங்கேதான் காய்கறி நறுக்கினாள். கட்டினவன் கம்பி நீட்டிவிட்டான், இரண்டு பெண் குழந்தைகள்.

பிறகு காண்டிராக்ட் கை மாறியது. புது மேனேஜர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கலையாத சிரிப்பு. முதல் நாளே எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, "இங்க முதலாளி, தொழிலாளின்னு யாரும் கிடையாது. நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார். அன்று மதியமே அவருக்கு 'குடும்பம்' என்று பெயர் விழுந்துவிட்டது. இரண்டாவது வாரம் குடும்பம் ஒரு சட்டம் கொண்டுவந்தது.

மிஞ்சிய சாப்பாடு கம்பெனிச் சொத்து. எடுத்தால் திருட்டு. எடுக்க நினைக்கிறவர்களுக்கு ஆசை வராமல் இருக்க, மதியம் மூன்றரைக்கு ஒவ்வொரு தட்டத்திலும் தரை கழுவுகிற நீல மருந்தை ஊற்ற வேண்டும். ஊற்றிய தட்டத்தைப் போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். நாலரைக்குக் குப்பை வண்டி.

"எடுத்துட்டுப் போய்ச் சாப்பிட்டு யாருக்காவது வயித்தைக் கலக்கினா கேஸ் யார் மேல வரும்? நம்ம குடும்பத்து மேலதானே?" என்று விளக்கம் வேறு.

ஊற்றுவதற்கு ஒரு ஆள் வேண்டும். பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வராதவள் என்று அண்டாக்காவைப் பிடித்தார்கள்.

"ஆறு மாசம் ஒரு புகார் இல்லாம செஞ்சு காட்டுங்க. உங்களை நிரந்தரம் ஆக்கறது என் பொறுப்பு" என்றார் குடும்பம்.

நிரந்தரம் என்ற சொல்லுக்கு அவள் எதையும் செய்வாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நிரந்தர ஆட்களுக்கு மருத்துவ அட்டை உண்டு, அது வீட்டுக்காரருக்கும் செல்லும். அவள் வீட்டுக்காரர் இருபது வருடம் வண்டிகளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தவர். இப்போது படுக்கையிலிருந்து கழிவறைக்குப் போய் வந்தால் அரை மணி நேரம் மூச்சு வாங்குவார். மருந்துப் பம்பை மூன்று வேளை இழுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மிச்சம் பிடிப்பதற்காக அவர் ஒரு வேளைதான் இழுத்தார். அந்த மிச்சத்தை அவள் ராத்திரியெல்லாம் இரைப்பாகப் பக்கத்திலேயே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒப்புக்கொண்டாள்.

முதல் நாள், முதல் தட்டம். பொன்னிறமாக வறுத்த கோழி. அதன் மேல் நீலம் வழிந்து, எண்ணெயோடு சேர்ந்து, அழுகிய காயம் போல ஒரு பச்சை நிறமாயிற்று. சூடான சோற்றில் விழுந்ததும் குப்பென்று நெடி எழும்பி மூக்கில் ஏறியது. மாவு பிசைகிறவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். இருபத்தாறு தட்டம், இருபத்தாறு படம். அன்று ராத்திரி வீட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள், தட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்துவிட்டாள்.

"அண்ணி, ஒரே ஒரு தட்டத்தை மட்டும் கடைசியா ஊத்துங்களேன். நான் சட்டுனு எடுத்துக்கறேன்" என்று நாத்தனார் கேட்டாள்.

"மேல கேமரா இருக்குடி. படத்துல நேரம் வேற விழுது."

"கேமரா கண்ணுக்கு என் புள்ளைங்க வயிறு தெரியாது. உங்களுக்குமா தெரியாது?"

அவள் பார்க்கப் பார்க்க அண்டாக்கா அந்தத் தட்டத்திலும் ஊற்றினாள். நாத்தனார் அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டு மாதத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு புகார் வந்தது. சாப்பாட்டைக் கொல்லாதீர்கள் என்ற புகாராக இருக்கும் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. மூன்றரைக்குக் காபி குடிக்க வருகிறவர்களுக்கு அந்த நீலத்தைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறதாம். நெடியும் வருகிறதாம். குடும்பம் உடனே நடவடிக்கை எடுத்தது. நிறமும் இல்லாத, நெடியும் இல்லாத வேறொரு மருந்து வந்தது. ஊற்றினாலும் ஊற்றின மாதிரி தெரியாது. கோழி கோழியாகவே இருந்தது, கேக் கேக்காகவே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிம்மதியாகக் காபி குடித்தார்கள்.

மருந்து மாறிய அன்று நாத்தனார் விடுப்பில் இருந்தாள். மறுநாள் வந்தவள், நீலமில்லாத தட்டத்தைப் பார்த்து, அண்ணி மனசு இளகிவிட்டதென்று நினைத்துவிட்டாள். அண்டாக்கா அண்டாவுக்குள் இருந்த நேரத்தில் ஒரு கோழித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நல்லவேளை, குழந்தைகளுக்கு எடுத்து வைக்கும் முன்னே குடலைப் புரட்டிவிட்டது. நறுக்குகிற மேசைக்குக் கீழே சுருண்டு கிடந்து வாந்தி எடுத்தாள். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. அந்த மூன்று நாளுக்கும் சம்பளம் கிடையாது, திருட்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் தனி.

"எடுக்கக்கூடாதுன்னு சொல்லியும் எடுத்தா, அது அவங்க பொறுப்பு. மருந்து தன் வேலையைச் செஞ்சிருக்கு" என்றார் குடும்பம். அப்போதும் அந்தச் சிரிப்பு கலையவில்லை.

அண்டாக்கா அவளுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். நாத்தனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கஞ்சியைக் குழந்தைகள் குடித்தார்கள்.

ஆறு மாதம் முடிய நான்கு நாள் இருந்தபோது, கம்பெனியின் பெரிய சார் ஒன்பதாவது மாடிக்கு வருகிறார் என்று தெரிந்தது. எட்டு மாடிக்காரர்களில் கால்வாசிப் பேரை அந்த மாதம் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்கள் பார்த்த வேலையை இனி கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளுமாம். வெளியே கெட்ட பேர். அதைத் துடைக்க ஒரு சின்னப் படம் எடுக்கிறார்கள்: பெரிய சார் சமையலறை ஆட்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்.

மூன்று மணிக்கு வரவேண்டியவர் வரவில்லை. "தட்டம் எதையும் எடுக்காதீங்க, கேமராவுக்கு நிறைஞ்ச மேசை வேணும்" என்று சொல்லிவிட்டுக் குடும்பம் லிப்டுக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். மூன்று இருபத்தைந்துக்கு அண்டாக்கா அவரை வழிமறித்தாள்.

"சார், இன்னிக்கு மருந்து ஊத்தவா, வேண்டாமா?"

அவர் காதில் போன். "அம்மா, ரூல்னா ரூல். தினமும் செய்யறதை இன்னிக்குப் புதுசா கேக்கறீங்க? உயிரை வாங்காதீங்க."

நான்கு நாள்தான் பாக்கி. படம் மூன்றரைக்குப் போகவில்லையென்றால் ஒரு புகார். அவள் ஊற்றினாள். இருபத்தாறு தட்டம், இருபத்தாறு படம். அவர் போனுக்குள் அத்தனையும் போய் விழுந்தன. அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நாலு மணிக்குப் பெரிய சார் வந்தார். விளக்குகளைப் போட்டார்கள். சட்டைக் கையை மடித்துவிடச் சொன்னார்கள், மடித்துவிட்டுக்கொண்டார். மூலையில் நின்ற ஆட்களை அதட்டி உட்கார வைத்தார்கள். பெரிய சார் தானே ஒரு தட்டை எடுத்து, சோறும் கோழியும் போட்டுக்கொண்டு, மாவு பிசைகிறவருக்கும் நாத்தனாருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். மற்றவர்களுக்கும் அவர் கையாலேயே பரிமாறினார்.

"இந்தக் கம்பெனியில மேல கீழன்னு கிடையாது. எல்லாருக்கும் ஒரே சாப்பாடு" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார்.

மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். ஒருவரும் தட்டில் கை வைக்கவில்லை, வாயும் திறக்கவில்லை. எல்லாக் கண்ணும் அண்டாக்கா மேல் இருந்தது. குடும்பம் மட்டும் கேமராவுக்குப் பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய நின்றார். அவர் மறந்தே போயிருந்தார். தினமும் நடப்பது மறந்துபோவது சகஜம்தானே.

"கூச்சப்படாதீங்க, சாப்பிடுங்க" என்றார் பெரிய சார்.

தின்னட்டுமே என்று அண்டாக்காவுக்குத் தோன்றியது. ஒரு நொடிதான், ஆனால் நன்றாகவே தோன்றியது. எதிரே நாத்தனாரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள், முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பெரிய சார் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தார்.

"முழுங்காதீங்க சார்! துப்புங்க! மருந்து ஊத்தியிருக்கு!" என்று அலறினாள் அண்டாக்கா.

அவர் கையிலேயே துப்பினார். துளிகூட உள்ளே போகவில்லை. ஆனாலும் நான்கு பேர் தாங்கிப் பிடித்தார்கள், இரண்டு பேர் தண்ணீர் கொண்டு ஓடினார்கள், ஆம்புலன்ஸ் ஏழு நிமிடத்தில் வந்தது. அந்தக் கட்டடத்துக்கு ஆம்புலன்ஸ் வரும் என்பதே சமையலறைக்கு அன்றுதான் தெரிந்தது.

"யார் ஊத்தினது?" என்று குடும்பம் கத்தினார்.

"நான்தான் சார். நீங்கதானே ஊத்தச் சொன்னீங்க?"

"நானா? சாப்பாட்டுல விஷத்தை ஊத்துன்னு நான் சொன்னேனா?"

அதுவரை அது மருந்து. பெரிய சாரின் நாக்கில் பட்டதும் விஷமாகிவிட்டது. இரண்டு நாள் அண்டாக்கா வீட்டில் போலீசுக்காகக் காத்திருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வீட்டுக்காரருக்கு மூச்சு இரைத்தது.

மூன்றாம் நாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். குடும்பமும், கம்பெனியின் வக்கீலம்மாவும் இருந்தார்கள். மேசையில் ஒரு காகிதம். சாப்பாட்டில் எதையும் ஊற்றும் வழக்கம் அங்கே ஒருபோதும் இருந்ததில்லை. அன்று ஊழியர் தம் கவனக்குறைவால் தரை கழுவும் திரவத்தைத் தவறுதலாகச் சிந்திவிட்டார். கம்பெனி அவரைப் பெருந்தன்மையோடு மன்னித்தது. இவ்வளவும் அதில் இருந்தது. பக்கத்தில் இன்னொரு காகிதம், ஒன்றாம் தேதியிலிருந்து நிரந்தரம் என்று. அதன் மேல் மருத்துவ அட்டை. வீட்டுக்காரரின் பெயரைக்கூட எழுத்துப் பிழையில்லாமல் அடித்திருந்தார்கள்.

அண்டாக்கா இரண்டு முறை படித்தாள். "அப்போ நாளையிலேர்ந்து ஊத்த வேண்டாமா?" என்று கேட்டாள்.

வக்கீலம்மா குடும்பத்தைப் பார்த்தார். குடும்பம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஊத்தணும். படம் மட்டும் அனுப்ப வேண்டாம்."

அண்டாக்கா கையெழுத்துப் போட்டாள். குடும்பம் எழுந்து வாழ்த்துச் சொல்லிக் கை நீட்டினார். ஈரம் கசகசத்த அந்தக் கையையும் பிடித்துக் குலுக்கினாள். பதினான்கு வருடத்தில் அண்டாவின் அடிப்பிடிப்புக்குக்கூட அவள் அப்படி அருவருத்ததில்லை.

சமையலறையில் நாத்தனார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் பேசாதவள், கத்தியை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன்."

திட்டுவாள், காறித் துப்புவாள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதாவது கேட்பாள் என்று அண்டாக்கா நின்றாள். நாத்தனார் நறுக்கின வெங்காயத்தை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"நானா இருந்தாலும் போட்டிருப்பேன் அண்ணி. அதை நெனச்சாத்தான் குமட்டுது."