குப்புறக் கிடந்த டிஷ்

மாலை ஐந்து ஐம்பத்திரண்டு. டிவி திரையில் சிக்னல் அளவைக் காட்டும் பச்சைக் கோடு பூச்சியத்திலிருந்து தொண்ணூற்று நான்குக்கு ஏறி அங்கேயே நின்றது. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். டிஷ் முக்காலியோடு சாய்ந்து, முகம் மண்ணில் பதியக் குப்புறக் கிடந்தது.

நேரத்தை முதலில் சொல்வது பழக்கதோஷம். பதினெட்டு வருடம் பலாங்கொடையில் ஒரு பத்திரிகைக்குப் பிரதேச நிருபராக இருந்தேன். பேயைப் பார்த்தேன் என்று செய்தி கொண்டு வருகிறவர்களிடம், எத்தனை மணிக்கு, கூட யார் இருந்தார்கள், குடித்திருந்தீர்களா என்று மூன்று கேள்வி கேட்பேன். மூன்றாவது கேள்வியோடு பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். இப்படிப்பட்ட எதையும் நான் நம்பியதில்லை. இப்போது நம்புகிறேன் என்று சொல்லவும் வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் நம்பாவிட்டால் அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அன்று நான் குடித்திருக்கவில்லை. கூட இருந்தவர் என் தங்கை புவனாவின் கணவர் சந்திரன்.

இடம், பலாங்கொடையிலிருந்து மேலே ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகளின் வரிசையான ஏழாம் நம்பர் லயம் இருந்த இடம். லயம் இப்போது இல்லை. இந்த மாலைக்குச் சரியாக ஆறு வருடத்துக்கு முன் ஒரு மழையில் மலை இறங்கி அதை மூடிவிட்டது. அந்த லயத்தின் பன்னிரண்டு குடும்பங்களில் பதினொரு குடும்பத்தார் அன்று பின்னேரமே மழைக்குப் பயந்து பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். புவனா மட்டும் லயத்து அறையில், தன் காம்பிராவிலேயே இருந்தாள். சந்திரன் அப்போது கொழும்பில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் ஓட்டுவது கேம்பர் வேன். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, மடிக்கிற மேசை, சின்ன டிவி. உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிற வண்டி. மலையில் போய்த் தங்கினாலும் கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்பவர்களுக்காக, கழற்றி மாட்டுகிற டிஷ் ஒன்றும் முக்காலியும் அதில் இருக்கும். புவனாவின் ஆறாம் வருட நினைவு நாளுக்கு முதலாளியிடம் கேட்டு வண்டியைக் கொண்டு வந்திருந்தார். அவள் இருந்த இடத்தில் ஒரு இரவாவது படுக்க வேண்டும் என்றார். அங்கே வீடு கட்ட இனி யாருக்கும் அனுமதி இல்லை, வேன் நிறுத்தத் தடையில்லை.

மேசையில் வாழை இலை போட்டுப் படையல் வைத்தார். சோறு, கருவாட்டுக் குழம்பு, ஈரப்பலாக்காய்க் கறி, ஒரு கப் பிளேன்டீ, கப்பில் சாய்த்து வைத்த அவளுடைய படம். பிறகு டிஷ்ஷைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கினார். எதற்கு என்று கேட்டேன்.

“அவளுக்குப் புடிச்சதெல்லாம் வைக்கணும்ல மச்சான். கருவாடு வச்சாச்சு, ஈரப்பலாக்கா வச்சாச்சு. ஆறரை நாடகம் இல்லாம அவ எப்புடிச் சோத்துல கை வைப்பா?”

எனக்கு வேறு எங்காவது போய்விட வேண்டும் போலிருந்தது. ஆனால் உள்ளே உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நான்தான்.

நம் நாட்டில் டிஷ் ஏறத்தாழ உச்சி வானத்தையே பார்க்க வேண்டும். மழை பெய்தால் சட்டி மாதிரி அதில் தண்ணீர் நிற்கும். சரிந்து வந்த மண் இன்னும் இறுகாத இடம் என்பதால் முக்காலியின் கால் புதைந்துகொண்டே இருந்தது. அவர் திருப்புவார், நான் சொல்வேன்.

“வந்துச்சா?”

“இல்ல.”

“இப்ப?”

“பன்னெண்டு.”

“கூடுதா கொறையுதான்னு சொல்லுங்க மச்சான். ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிக்கிறீங்க!”

சிரித்தார். பிறகு, டிஷ்ஷைப் பிடித்தபடியே, வருடா வருடம் கேட்பதைக் கேட்டார்.

“பக்கத்துக் காம்பிரா ராமாயி அக்கா கதவத் தட்டிக் கூப்புட்டிருக்காங்க. நீங்க போங்க, நான் பொறகு வாரேன்னாளாம். எல்லாரும் போறாங்க, இவ மட்டும் என்னாத்துக்கு மச்சான் இருந்தா?”

“யாருக்குத் தெரியும்” என்றேன். அதையும் வருடா வருடம் சொல்லி வந்தேன்.

எனக்குத் தெரியும். அன்று பின்னேரம் மூன்றரைக்குப் புவனா எனக்குப் போன் எடுத்தாள். “அண்ணே, டிஷ் நின்னுருச்சு. இன்னைக்கு நாடகத்துல கல்யாணம். போட்டு விடுங்கண்ணே, இல்லாட்டி நானும் இவங்களோட ஸ்கூலுக்குப் போயிருவேன், இங்க இருந்து என்னா செய்ய?” அவளுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் போடுவது நான்தான், அவள் டிஷ் கார்ட் நம்பர் எனக்கு மனப்பாடம். பலாங்கொடையில் நிசாம் நானாவின் கடையில் போட்டுவிட்டு அறைக்கு வந்தேன். மண்சரிவு எச்சரிக்கை அதற்கு முன்பே என் போனுக்கு வந்திருந்தது. அதைச் செய்தியாக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அவளுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு மழைக்கும் வருகிற எச்சரிக்கை என்று நினைத்தேன். ஏழு மணி தாண்டி மலை இறங்கியது. மறுநாள் நான் எழுதிய செய்தியில், ‘எச்சரிக்கப்பட்டும் ஒருவர் வீட்டிலேயே தங்கியிருந்தார்’ என்று ஒரு வரி இருந்தது. காரணம் எழுதவில்லை.

டிஷ் பிடிபடவில்லை. கையில் அப்பிய மண்ணைக் கழுவச் சந்திரன் கீழே தண்ணீர் விழும் பீலிக்குப் போனார். ஒரு காற்று வந்தது, வேன் லேசாக ஆடியது, வெளியே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கோடு ஏறியது அப்போதுதான்.

படம் வரவில்லை. நீல நிறத் திரையில், சேவை நிறுத்தப்பட்டிருக்கிறது, ரீசார்ஜ் செய்யவும் என்ற அறிவிப்பும் அதன் கீழே கார்ட் நம்பரும். நான் அந்த நம்பரை ஒருமுறைதான் பார்த்தேன்.

சந்திரன் கையை உதறிக்கொண்டே மறுபக்கக் கதவால் ஏறினார். “அட, வந்துருச்சே! மொதலாளி காசு கட்டாம விட்டுட்டாரு போலருக்கு” என்று நிசாம் நானாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, திரையைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். நம்பர் போடுவது என் வேலையாக இருந்ததால் அவருக்கு அது தெரியாது. நாலாவது இலக்கத்திலிருந்து, அவர் வாய் திறக்கும் முன்பே அடுத்தது எனக்குள் வந்துகொண்டிருந்தது. ரிமோட் என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“சரி, போட்டாச்சு” என்றார் நிசாம் நானா. பிறகு, “சந்திரன், இது வேன்ட நம்பரா? இங்க புவனேஸ்வரின்னு பேர் ஈக்கிது.”

சந்திரன் திரும்பிக் கப்பில் சாய்ந்திருந்த படத்தைப் பார்த்தார்.

“முந்திப் போட்டதும் எங்கட கடையிலதான். ஒங்கட மச்சான், பேப்பர்காரர், அவர்தானே இந்த நம்பருக்குப் போடுவார். கடைசியாப் போட்டது...” தேதியை வாசித்தார். “பின்னேரம் மூணு நாப்பது.” வாசித்த பிறகுதான் அது என்ன நாள் என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். “இன்னாலில்லாஹி” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

திரையில் அறிவிப்பு மறைந்து படம் வந்தது. ஒரு சவர்க்கார விளம்பரம்.

“மூணு நாப்பதுக்கா?” என்றார் சந்திரன்.

“ஆமா.”

“அவ கேட்டாளா?”

“ஆமா.” எல்லாவற்றையும் சொன்னேன். போனில் அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன்.

“மல எறங்கும்னு ஒங்களுக்கு அப்பவே தெரியுமா?”

“எச்சரிக்கை வந்திருந்துச்சு. பேப்பருக்கு அனுப்பிட்டேன்.”

“பேப்பருக்கு” என்றார். படையல் இலையின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். “ஊருக்கே சொல்லிருக்கீங்க. ஆறு வருசமா நான் ஒங்ககிட்டதான மச்சான் கேட்டேன்? என் வீட்டுல சோறு தின்னுக்கிட்டே தெரியாதுன்னீங்களே.”

அவர் வெளியே பார்த்தார். டிஷ் கிடந்த விதத்தை அப்போதுதான் கண்டார். இறங்கிப் போய், அதன் பக்கத்தில் நின்று, உள்ளே ஓடுகிற டிவியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து டிஷ்ஷைத் தூக்கினார். தூக்கிய அதே நொடியில் படம் போனது, கோடு பூச்சியத்துக்கு இறங்கியது. அவர் அவசரமாக அதை முன்போலவே மண்ணில் கவிழ்த்து வைத்தார். ஏறவில்லை. இன்னும் ஒருமுறை தூக்கி, இடத்தைக் கையால் தடவிப் பார்த்து, கவிழ்த்து அழுத்தினார்.

“வந்துச்சா?” என்று கத்தினார்.

“இல்ல.”

“இப்ப?”

“இல்ல மச்சான்.”

அப்படி எத்தனை முறை கேட்டார் என்று நான் எண்ணவில்லை. கடைசியில் மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல், “நீங்க போங்க” என்றார். ஆறு பத்துக்குப் பையை எடுத்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே பஸ் ரோட்டுக்கு இறங்கினேன். தூறிக்கொண்டிருந்தது.

நீங்கள் கேட்கப் போவதை நானும் கேட்டுப் பார்த்தேன். மறுநாள் வேன் முதலாளியிடம் விசாரித்தேன்; வேன் டிவியோடு பூட்டிய டிஷ் பெட்டியின் கார்ட் நம்பர் வேறு, அதில் இன்னும் இரண்டு வாரத்துக்குக் காசு இருந்தது. பெட்டியே புதிதாக வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது, புவனா அதைத் தொட்டிருக்க வழியில்லை. டிஷ் பூட்டுகிற ஒருவரிடம், மண்ணில் குப்புறக் கிடக்கும் டிஷ்ஷில் சிக்னல் வருமா என்றேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்து அவர் பேச்சை மாற்றினார். நிசாம் நானாவின் கடையில் அந்த ரீசார்ஜ் பதிவாகியிருக்கிறது, அன்றைய தேதி, ஐந்து ஐம்பத்தொன்பது. அதை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

இது நடந்து ஒரு வருடமாகிறது. சந்திரன் என்னோடு பேசுவதில்லை. நான் எடுத்தால் போன் அடித்து ஓய்கிறது. கல்யாண வீடொன்றில் எதிரே வந்தவர் அடுத்த வாசல் வழியாகப் போய்விட்டார். ஆனால் மாதாமாதம் கடைக்கு வந்து புவனாவின் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டுவிட்டுப் போகிறார் என்று நிசாம் நானா சொன்னார். எதற்கு என்று அவர் கேட்கவில்லையாம்.

போன மாதம் சந்திரன் கடைக்குப் போனபோது, அந்த நம்பருக்கு முந்தின நாளே போட்டாயிற்று என்று கடைத் திரையில் வந்திருக்கிறது. அன்று பின்னேரம் என் போனுக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரு வருடத்தில் அவர் எனக்கு அனுப்பியது அது ஒன்றுதான்: ‘இனிமே அவளுக்கு நீங்க போடாதீங்க.’

அந்த ரீசார்ஜை நான் போடவில்லை.