ஜானட் அக்காவின் சந்தேகம்

"ஈ… டீ… ஏ… புள்ளி…" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒற்றை விரலால் தட்டுகிறார் ஜானட் அக்கா. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருமுறை குனிந்து, மேசைமேல் விரித்து வைத்திருக்கும் நீல அட்டை நோட்டைப் பார்த்துக்கொள்கிறார். நோட்டு முழுக்க அவர் கையால் எழுதிய இணைய முகவரிகள். தட்டி முடித்ததும் மர ஸ்கேலைத் திரைமேல் வைத்து, திரையையும் நோட்டையும் மாற்றி மாற்றிச் சரிபார்க்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் கொட்டாவி விட்டால் போதும். "அவசரம்னா பக்கத்துக் கடைக்குப் போ நைனா. ஒரே அமுக்குல ஊருக்கு அனுப்பிடுவான். எந்த ஊருக்குன்னுதான் தெரியாது."

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மூன்று படி ஏறினால் 'ஜெரின் ஜெராக்ஸ்'. ஜெரின், அக்கா திருவொற்றியூரில் கட்டிக்கொடுத்த மகள். நகல் எடுக்கவும் பாஸ்போர்ட் போட்டோ பிடிக்கவும் தொடங்கிய கடை, இப்போது முக்கால்வாசி வெளிநாட்டுப் பயணக் காகிதங்களில் ஓடுகிறது. விசா விண்ணப்பம், நுழைவு அனுமதி, பயணக் காப்பீடு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் பெரிய தெருவில் திரும்பும்போதெல்லாம் கடையின் கண்ணாடிக் கதவு கிடுகிடுக்கும். அது அடங்கும்வரை அக்கா விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். அதிர்வில் விரல் பக்கத்து எழுத்தில் பட்டுவிடுமாம்.

ஐம்பத்தொன்பது வயது. மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொன்று. நெற்றியில் இருப்பது பொடி எழுத்துக்கு. காப்பீட்டுப் பத்திரம் வந்தால் மட்டும் கீழே இறங்கும். எந்தப் பத்திரத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். "முன்பக்கம் ஒரு குடும்பத்த சிரிக்க வச்சி போட்டோ போட்டுருப்பான். மேட்டர கடைசில பொதைச்சி வச்சிருப்பான்" என்பது அவர் கண்டது. திரும்பும் தேதி இருபதாம் தேதி என்றால் இருபத்திரண்டு வரை காப்பீடு போடச் சொல்வார். ஏன் என்றால், "பிளேன் லேட்டாச்சுன்னா? அந்த ரெண்டு நாள் உன் ஒடம்புக்கு லீவா?"

பத்திரம் கைக்கு வந்த பிறகும் நம்பிவிட மாட்டார். அதில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, கம்பெனியின் எண்ணைத் தாமாகத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டு, "இந்த நம்பர்ல ஒரு பாலிசி கீதா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, பதில் சொன்னவர் பெயரையும் எழுதிக்கொள்வார். ஒரு சமயம் ஒரு கம்பெனியிலிருந்து உண்மையாகவே மூன்று தடவை கூப்பிட்டு, வாடிக்கையாளர் ஒருவரின் மருத்துவ ரசீதைக் கேட்டார்கள். மோசடிக்காரன் என்று முடிவுகட்டி, மூன்று தடவையும் வசை பாடிப் போனை வைத்துவிட்டார். அந்த மனிதருக்கு வரவேண்டிய காப்பீட்டுப் பணம் மூன்று வாரம் தள்ளிப்போனது. அதற்காக அக்கா வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "மெய்யான ஆளுன்னா நாலாவது வாட்டியும் கூப்டுவான்."

அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என்னையும் அப்படித்தான் பார்த்தார். "என்னப் பத்தி எழுதி உனக்கு இன்னா ஆவப்போவுது? யாரு அனுப்புனாங்க உன்ன?" பத்திரிகையின் பழைய இதழ் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டி, அச்சிட்டவர் விலாசத்தைப் படித்த பிறகுதான் உட்காரச் சொன்னார்.

இந்தக் குணம் பிறவியில் வந்ததல்ல. எட்டு வருடங்களுக்கு முன்பு இதே கடையில், தெருக்கோடியில் இருக்கும் நவ்ரீன் ஓடிவந்தாள். கொழும்பில் அவளுடைய மாமா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார். அம்மா உடனே போகவேண்டும். அக்கா கம்ப்யூட்டரில் தேடி, முதலில் வந்த வரியை அமுக்கினார். சிங்கம், முத்திரை எல்லாம் போட்ட பக்கம். பத்தே நிமிடத்தில் அனுமதி வந்தது. மறுநாள் மீனம்பாக்கத்தில் விமானக் கம்பெனிக் கவுன்ட்டரில், அப்படி ஓர் எண்ணே பதிவில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். போலிப் பக்கம். மறுபடி சரியான இடத்தில் அனுமதி வாங்கி அந்த அம்மாள் போய்ச் சேர்வதற்குள் தம்பியை அடக்கம் செய்திருந்தார்கள்.

"நவ்ரீன் ஒரு வார்த்த கேக்கல. அவ அம்மாவும் கேக்கல. ரம்ஜானுக்கு எப்பவும்போல நோம்புக் கஞ்சி குடுத்து வுட்டாங்க. திட்டியிருந்தா பரவால்ல. அதான் பேஜாரு." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. நீல நோட்டு அந்த அடக்கத்துக்கு அடுத்த வாரம் வாங்கியது.

சென்ற ஆண்டு, மழை தொடங்கியிருந்த ஒரு காலையில் வியாசர்பாடியிலிருந்து குப்பம்மாவும் அவள் கணவர் துரையும் வந்தார்கள். குப்பம்மா அக்காவோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். துரை பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று நாட்டுப் பயணம். முதலில் இலங்கை, அனுராதபுரத்தில் போதிமரத்தைக் கும்பிட வேண்டும் என்பது இருவருக்கும் பல வருட ஆசை. அங்கிருந்து கோலாலம்பூரில் சம்பந்தி வீடு. கடைசியாகச் சிங்கப்பூர். மகள் மகிழினியின் குழந்தைக்கு அங்கே முதல் பிறந்தநாள். பேத்தியை இருவரும் போனில்தான் பார்த்திருக்கிறார்கள். சிங்கப்பூர் விசாவை மகள் அங்கிருந்தே போட்டுவிட்டாள். மலேசியாவுக்கு விசா தேவையில்லை. இலங்கைக்கு அனுமதியும், மூன்று நாட்டுக்கும் சேர்த்து ஒரு காப்பீடும்தான் பாக்கி. நானும் அன்று கடையில் இருந்தேன்.

இலங்கை அனுமதி ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பிறகு காப்பீட்டுப் படிவத்தின் உடல்நலக் கேள்விகள்.

"அண்ணே, சக்கர கீதா?"

"இல்ல."

"பிரஷரு?"

"இல்ல."

"நெஞ்சு வ…"

"இல்ல, இல்ல."

அக்காவின் விரல் அந்தரத்தில் நின்றது. அந்தச் சமயம் தெருவில் லாரி எதுவும் போகவில்லை.

"இன்னாண்ணே, கேள்வியே முடியல. அதுக்குள்ள ரெண்டு இல்ல?"

துரை சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "படியேறி வந்ததும் கதவு நெலைய புடிச்சிக்கினு வெலப்பலகைய படிச்சீங்களே. நாலு வரிதான் கீது அதுல. அத்தினி நேரம் இன்னா படிச்சீங்க? சட்டப்பையில இன்னாது அது, பளபளன்னு?"

"அது கேஸு மாத்திர ஜானட்டு" என்றாள் குப்பம்மா. "ரெண்டு மாசமா வயிறு உப்பிக்கினே கீது இவருக்கு."

"குடுங்க பாப்போம்."

துரை கொடுக்கவில்லை. குப்பம்மாவே கையை விட்டு எடுத்து மேசைமேல் வைத்தாள். அக்கா நெற்றிக் கண்ணாடியை இறக்கி, அட்டையின் பின்புறப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். படித்தார். திரையைக் குப்பம்மா பக்கம் திருப்பினார். நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை அது.

குப்பம்மா கணவரைப் பார்த்தாள். "எத்தினி நாளா எங்கிட்ட டபாய்ச்சிக்கினு கீற?"

தீபாவளிக்கு முன்பே ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். படுக்கப்போட்டுவிட்டால் பேத்தியின் பிறந்தநாளுக்குப் போக முடியாது என்று மறைத்திருக்கிறார். எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொல்லிவிட்டு அக்காவிடம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "ஜானட்டம்மா, ஒரு தபா 'இல்ல'ன்னு அமுக்கிடு. போய் கொயந்தய பாத்துட்டு வந்து நானே படுத்துக்கறேன். இன்னா கேட்டுட்டேன் பெருசா?"

"அங்க ஒண்ணு ஆச்சின்னா, நீங்க பொய் சொன்னீங்கன்னு கம்பெனிக்காரன் கைய கழுவிடுவான். மூணு நாட்டுல எந்த ஆஸ்பத்திரி வாசல்ல இவ நிப்பா? பாஷ தெரியுமா இவளுக்கு?"

"ஒண்ணும் ஆவாது."

"அத நீங்க எழுதிக் குடுங்க. நான் அமுக்க மாட்டேன்."

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு பட்டன அமுக்கறவ நீ. டாக்டரா? நீ இல்லாங்காட்டி ஊர்ல வேற கடையே இல்லியா?" தம் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். மழையில் நனைந்துகொண்டே பக்கத்துக் கடைக்குள் நுழைவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

குப்பம்மா போகவில்லை. சிறிது நேரம் தன் பாஸ்போர்ட்டின் அட்டையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு அதை மேசைக்கு அந்தப் புறம் தள்ளினாள். "இத நீயே வச்சிக்க. நானே வந்து அழுது கேட்டாலும் குடுக்காத. நான் இல்லாம அவரு பிளேன் ஏற மாட்டாரு." அக்கா அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். குப்பம்மா கீழே இறங்கும்வரை சாவியை விரலிலிருந்து எடுக்கவில்லை.

துரை பக்கத்துக் கடையில் 'இல்லை' என்று அமுக்கிய பத்திரத்தை வாங்கிவிட்டார். ஐந்து நாள் வீட்டில் சண்டை. இரண்டாம் நாளே குப்பம்மா கடைக்கு வந்து நின்றாள். மகிழினி போனில் அழுகிறாள், குடுத்துடு என்றாள். அக்கா கொடுக்கவில்லை. ஆறாம் நாள் துரை ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு இடத்தில் அடைப்பு. ஒன்று முக்கால்வாசிக்கு மேல். ஸ்டென்ட் வைத்தார்கள். பேத்தி கேக் வெட்டியதை அவர் வார்டில் படுத்தபடியே போனில் பார்த்தார். பார்த்துவிட்டு, யாரோடும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். அக்கா பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனபோதும் திரும்பவில்லை.

ஐந்து மாதம் கழித்து, பயணம் போகலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு துரை மறுபடி அந்தப் படி ஏறினார். ஏன் பக்கத்துக் கடைக்குப் போகவில்லை என்று அக்கா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் முழுசாகப் பதில் சொன்னார். அக்கா கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முத்திரையைப் பார்த்தார். போதாதென்று ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு, இப்படி ஒரு டாக்டர் இருக்கிறாரா என்று விசாரித்தார். "அவருதான் எனக்கு வச்சாரு!" என்றார் துரை. "நீங்க மயக்கத்துல கீறப்ப யாரு வச்சான்னு உங்களுக்கு இன்னா தெரியும்?" என்றார் அக்கா. குப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துரையும் ஐந்து மாதத்துக்குப் பிறகு அங்கே சிரித்தார். இழுப்பறையைத் திறந்து குப்பம்மாவின் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுக்கும் முன்பு, அது அவளுடையதுதானா என்று போட்டோவையும் முகத்தையும் ஒப்பிட்டுக்கொண்டார் அக்கா.

போன மாதம் நான் கடைக்குப் போனபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. குப்பம்மாவும் துரையும் கிளம்பிப் போயிருந்தார்கள். கொழும்பிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் அவர்களை நுழைவு முத்திரை விழுந்த பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி வாங்கி, தேதி பார்த்து வைத்திருந்தார் அக்கா. நான் உட்கார்ந்த சற்று நேரத்தில் போன் மணியடித்தது. சிங்கப்பூரிலிருந்து ஒரு படம். அடுக்குமாடி வீட்டு வராந்தாவில் துரை நிற்கிறார். தோளில் பேத்தி, இரண்டு கையாலும் அவர் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு வாய் நிறையச் சிரிக்கிறது. பக்கத்தில் குப்பம்மா, புதுச் சேலை.

"கொழந்த அப்படியே குப்பம்மா ஜாடை, அக்கா" என்றேன்.

ஜானட் அக்கா நெற்றிக் கண்ணாடியை இறக்கினார். இரண்டு விரலை வைத்துப் படத்தைப் பெரிதாக்கினார். குழந்தை திரையை விட்டு வெளியே போனது. குப்பம்மாவும் போனாள். துரையின் முகம் மட்டும் நின்றது. இன்னும் பெரிதாக்கினார். போனைக் கண்ணருகே கொண்டுபோய், அவர் நெற்றியில் எங்காவது வேர்த்திருக்கிறதா என்று இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தேடிக்கொண்டிருந்தார்.