ஆறு மணிக்கு நிற்பவர்களும் நடப்பவர்களும்

பாங்காக்கில் காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ரயில் நிலையத்தில் எல்லாரும் நின்றுவிடுவார்கள். ஒலிபெருக்கியில் அவர்கள் நாட்டுப் பாட்டு வரும். படி ஏறுகிறவன் ஒரு காலை மேல்படியிலும் ஒரு காலைக் கீழ்ப்படியிலும் வைத்தபடி நிற்பான். டிக்கெட் எடுக்கிறவள் கையில் சில்லறையோடு நிற்பாள். பாட்டு முடிந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல எல்லாரும் நகர்வார்கள். போன புதிதில் எனக்கு இது தெரியாது. முன்னால் போனவன் சட்டென்று நின்றதில் அவன் முதுகில் போய் முட்டினேன். அவன் அசையவில்லை. பாட்டு முடிந்த பிறகு திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பால் அவன் என்னைத் திட்டினான் என்பது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

நான் கொல்லிமலைக்காரன். வளப்பூர் நாடு என்பது எங்கள் ஊர்த்தொகுதி. வீட்டில் மிளகு, பலா, கொஞ்சம் மரவள்ளி. ராசிபுரத்தில் டிப்ளமோ முடித்து அங்குமிங்கும் வேலை பார்த்துவிட்டு, பாங்காக்கில் ஒரு பிளாஸ்டிக் டப்பா தொழிற்சாலைக்கு மெஷின் பராமரிக்கப் போனேன். முதலாளி தாய்லாந்துக்காரர், மேனேஜர் ஈரோட்டுக்காரர். ஒன்பது வருடம் ஆகிறது. அங்கே தன்னைவிட மூத்தவரை மரியாதையாக ‘பீ’ என்று கூப்பிடுவார்கள். ‘பீ செல்வம்’ என்று கூப்பிட்டபோதெல்லாம் முதல் மாதம் முழுக்க எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிக் கூப்பிட்டவர்களில் மாலியும் ஒருத்தி. தரம் பார்க்கும் பிரிவில் வேலை. புருஷன் இல்லை. ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள்.

வேலை முடிந்து நானும் மாலியும் ஒரே ரயிலில் திரும்புவோம். நிலையத்தில் மகள் வந்து சேர்ந்துகொள்வாள். ஒருநாள் நாங்கள் படி ஏறும்போது ஆறு மணி அடித்துப் பாட்டு தொடங்கியது. மாலி நின்றாள், நானும் நின்றேன். மகள் நிற்கவில்லை. நின்றுகொண்டிருந்த ஐம்பது அறுபது பேருக்கு நடுவில் அவள் ஒருத்தி மட்டும் படி ஏறினாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. மேலே போய்த் திரும்பி, அம்மாவுக்காகக் காத்திருந்தாள். மாலி தலையைத் தூக்கவே இல்லை. அந்தப் பெண் மாணவர் போராட்டங்களுக்குப் போகிறாள் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நானாகக் கேட்டேன். மாலி போனை மேசைக்குக் கீழே வைத்து ஒரு படம் காட்டினாள். மழைக்கோட்டு போட்ட கூட்டம், முன்வரிசையில் மகள், போராட்டக்காரர்களின் அடையாளமாக மூன்று விரல் உயர்த்திய கை. மாலியின் முகத்தில் பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது.

அந்தப் போராட்டங்கள் எதற்காக, அதில் என்னென்ன கேட்டார்கள் என்று முழுதாக எழுத மாட்டேன். சிலவற்றை எழுதினால் அங்கே ஜெயில். நான் அங்கே திரும்பிப் போக வேண்டியவன். இந்தக் கட்டுரையில் எங்காவது ஓட்டை தெரிந்தால் அது அந்த ஓட்டைதான். ஆனால் எழுதக்கூடியது ஒன்று உண்டு. அது நம்மவர்களின் கருத்துகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேனேஜர் வீட்டில் சாம்பாரும் கோழியும் இருக்கும். கூடவே தாய்லாந்து அரசியலும் இருக்கும். அந்த நாட்டில் எங்கள் ஒருவருக்கும் ஓட்டு கிடையாது. பத்து வருடம் இருந்தும் பலருக்குக் கடையில் மீன் விலை கேட்பதற்கு மேல் பாஷை தெரியாது. ஆனாலும் சிவப்புச் சட்டைக் கட்சி யோக்கியமா, மஞ்சள் சட்டைக் கட்சி யோக்கியமா, யார் வந்தால் நாடு உருப்படும் என்று ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்வார்கள். பட்டாளம் இருந்தால்தான் ஒழுங்கு என்பார் ஒருவர். அவருக்கு ரோடு அடைபட்டு மகனின் டென்னிஸ் வகுப்பு போய்விட்டது. மேனேஜர் எப்போதும் ஒரே வாக்கியத்தில் முடிப்பார். “பாவம், இந்தச் சனங்க வெகுளிப்பா. தானா ரோட்டுக்கு வரத் தெரியாது. எவனோ தூண்டி விடறான்.” எல்லாரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன். அந்த நாட்டில் நம் மாதிரி ஆட்களை ‘கேக்’ என்பார்கள். விருந்தாளி என்று அர்த்தம். சில பேர் வாயில் அது அவ்வளவு மரியாதையாக வராது. இந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் அவர்கள் சொல்வதில் தப்பில்லை என்று தோன்றும்.

என் தப்புக்கு வருகிறேன். எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது நல்ல காரியம் செய்திருந்தால் அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று, இன்னாருடைய மகள் இன்னாள் இதைச் செய்தாள் என்று பெயரோடு சொல்ல வேண்டும். காதோடு சொல்லும் பாராட்டை எங்கள் ஊரில் பாராட்டாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தொழிற்சாலையில் மாதம் ஒருமுறை ஷிப்ட் தொடங்கும் முன் எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கூட்டம் நடக்கும். அன்று என்னைப் பேசச் சொன்னார்கள். மெஷினுக்கு எண்ணெய் போடுவதைப் பற்றிப் பேசிவிட்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை தாய் பாஷையில், மாலியின் மகள் நாட்டுக்காகத் தெருவில் நிற்கிறாள், படம் பார்த்தேன், தைரியமான பெண், எல்லாரும் கை தட்டுங்கள் என்றேன். ஒருவரும் தட்டவில்லை. நூறு பேரும் தரையைப் பார்த்தார்கள். மாலி மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். முதல் வருடம் ரயில் நிலையத்தில் ஒருவன் சிரித்தானே, அதே சிரிப்பு. என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்று மத்தியானமே போய் மன்னிப்புக் கேட்டேன். ‘மை பென் ராய்’ என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். பிறகு, சாப்பிட்டாயா பீ என்று கேட்டாள். மன்னித்துவிட்டாள் என்று நிம்மதியாக வந்துவிட்டேன். அடுத்த வாரம் அவளைத் தரம் பார்க்கும் பிரிவிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அதற்கடுத்த வாரம் விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். முதலாளி வீட்டார் அந்தப் பிள்ளைகளுக்கு நேர் எதிர்க்கட்சி. இது என்னைத் தவிர அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் லீவில் கிளம்புவதற்கு முதல் நாள் மேனேஜர் கூப்பிட்டார்.

“நீ கூட்டத்துல சொன்னதுதானப்பா. அதையே எழுதிக் குடு. மாலி வேலை நேரத்துல போராட்டப் படத்தக் காட்டுனாள்னு, அவ்வளவுதான். அவங்க ஊரு அரசியலு நமக்கெதுக்கு? உம் வேலை பர்மிட்டு வேற அடுத்த மாசம் முடியுது.”

ஊருக்குப் போய் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். அவர் கேட்ட தாள் போனால் மாலி திரும்ப வேலைக்கு வர மாட்டாள். போகாவிட்டால் என் பர்மிட் புதுப்பிக்கப்படாது. இந்த இரண்டையும் சுமந்துகொண்டுதான் மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி ஊருக்கு வந்தேன். வந்து பன்னிரண்டு நாள் ஒரு வரி எழுதவில்லை.

பதின்மூன்றாம் நாள் செம்மேட்டுக் கடைவீதிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ் வழியில் நின்றது. முன்னால் இருபது முப்பது பெண்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக்கு வந்துகொண்டிருந்த மாலை நேர பஸ்ஸைப் போக்குவரத்துக் கழகம் நிறுத்திவிட்டது. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகும் பெண் பிள்ளைகள் காட்டு வழியில் நடந்து வர வேண்டியிருக்கிறது. மனு கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. உட்கார்ந்துவிட்டார்கள். என் பக்கத்து சீட்டில் ஒரு கிளார்க் இருந்தார். நாமக்கல் பக்கத்து ஆள், மலையில் வேலை. என் பேண்ட்டையும் ஷூவையும் பார்த்து நானும் கீழே இருந்து வந்தவன் என்று முடிவு கட்டியிருக்க வேண்டும். வாட்சைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுச் சொன்னார்.

“இந்த மலை சனங்க வெகுளிங்க. இவங்களுக்காத் தோணாது. எவனோ தூண்டி உட்டிருக்கான்.”

மேனேஜர் வீட்டுச் சாம்பார் வாசனை மூக்கில் வந்ததுபோல இருந்தது. அதே வாக்கியம். அவர் பாங்காக்கைப் பார்த்ததில்லை, மேனேஜர் கொல்லிமலையைப் பார்த்ததில்லை. இருவருமே போன இடத்துச் சனங்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர்மேல். மீதிப் பாதி, அங்கே தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்மேல்.

“ஏனுங்க, நடுவுல செவப்புச் சீலையில உக்காந்திருக்கறது எங்கக்காங்க” என்றேன். “அவளத் தூண்டி உட ஒருத்தன் இனிமேத்தான் பொறக்கோணும்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குள் அக்காவும் என்னைப் பார்த்துவிட்டாள். அவள் குரல் டிரைவரைத் தாண்டிப் பின் சீட்டுவரை கேட்டது.

“ஏன்டா சாமி, சீமையில இருந்து வந்தவனுக்குச் சீட்ட உட்டு எந்திரிக்க மனசு வல்லியாக்கும்?”

பெண்கள் சிரித்தார்கள். பஸ்ஸுக்குள்ளும் சிரித்தார்கள். இறங்கிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஷூவைக் கழற்றச் சொன்னாள், ஆபீசர் வந்தால் என்னைத்தான் தலைவன் என்று நினைத்துக்கொள்வார்களாம். தார் ரோடு சுட்டது. இரண்டு மணி நேரம் ஒருவரும் வரவில்லை. அந்த நேரத்தில்தான் மாலியின் கதையை முழுக்கச் சொன்னேன். கூட்டத்தில் நான் பேசியதைச் சொன்னபோது அக்கா குறுக்கே வந்தாள்.

“அந்தப் பொம்பளயக் கேட்டுக்கிட்டா சொன்ன?”

“இல்லக்கா.”

“சரி, சொல்லிப்போட்ட. பேரச் சொன்னவன் எந்திரிச்சுப் போயி அந்த ஆளு பக்கத்துல உக்காரோணும். நம்மூருல அப்படித்தான? நீ எங்க உக்காந்த?”

அன்று பேசி முடித்ததும் நான் மேனேஜர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அதுதான் எனக்கு ஒதுக்கிய இடம். பெயர் சொல்கிறவன் கடைசிவரை கூட இருக்க வேண்டும், பழி வந்தாலும் பாதியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் எங்கள் வழக்கத்தின் மீதிப் பாதி. பாங்காக்குக்கு நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். சத்தமாகப் பேசும் பாதியை.   அக்கா பர்மிட் என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். “அது போச்சுன்னா மொளகு பறிக்க ஆளு கெடைச்சுது” என்றாள். அவளுக்கு அது தமாஷ். மூத்த மகனைக் கல்லூரியில் சேர்த்திருக்கும் எனக்கு அது தமாஷ் இல்லை.

ரோட்டில் அந்த இடத்தில் போனுக்குச் சிக்னல் கிடைத்தது. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். மாலி வேலை நேரத்தில் யாருக்கும் எதையும் காட்டவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நான்தான் கேட்டேன். கூட்டத்தில் சொன்னதும் நான்தான், அவளைக் கேட்காமல் சொன்னேன். விசாரிப்பதானால் என்னை விசாரியுங்கள். இவ்வளவுதான். மேனேஜருக்கும் முதலாளி ஆபீசுக்கும் அனுப்பினேன். மாலிக்கும் ஒரு பிரதி. மேனேஜர் உடனே பதில் போட்டார். உன் பர்மிட் இனி என் கையில் இல்லை என்று எழுதியிருந்தார். மாலியிடமிருந்து ஒரு முயல் படம் வந்தது. முயல் கையைக் கூப்பிக் கும்பிட்டது. அது நன்றியா, ‘மை பென் ராய்’யா, இல்லை இனிமேல் எனக்கு எதுவும் எழுதாதே என்பதா, தெரியவில்லை. இந்த முறை எனக்குச் சாதகமாக அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை.

ஆபீசர் வந்தார். பஸ்ஸைத் திரும்ப விடுவதாகச் சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றாள் அக்கா. கிளார்க்கிடம்தான் பேனா இருந்தது. ஆபீசர் அதை வாங்கி எழுதிக் கொடுத்தார். பெண்கள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள், நாங்கள் வீட்டைப் பார்த்து நடந்தோம். என் வாட்சில் இன்னும் பாங்காக் நேரம்தான் ஓடுகிறது, மாற்றவில்லை. ஊரில் அப்போது நாலரை. வாட்சில் ஆறு. என்னை அறியாமல் கால் நின்றுவிட்டது. ரோட்டில் ஒரு பாட்டும் இல்லை. எல்லாரும் நடந்துகொண்டிருந்தார்கள், நான் ஒருத்தன் மட்டும் கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றேன். பத்தடி தள்ளிப் போன அக்கா திரும்பிப் பார்த்தாள்.

“என்னடா நின்னுக்கிட்ட?”

“ஒன்னுமில்லக்கா. வாரேன்.”

மாலிக்கு வேலை இருந்திருந்தால் இந்நேரம் அங்கே ரயில் நிலையப் படியில் நின்றிருப்பாள். மகள் மேல்படிக்குப் போய்த் திரும்பியிருப்பாள். பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்தது. அக்கா ரோட்டோரத்தில் எனக்காகக் காத்திருந்தாள்.