செருப்பைப் பார்த்துப் பேசுகிறவர்

கடைப்படியில் யார் கால் வைத்தாலும் அலவி முகத்தைப் பார்ப்பதில்லை. செருப்பைத்தான் பார்ப்பார். பார்த்த மாத்திரத்தில் எந்தப் பேச்சு என்று தீர்மானமாகிவிடும். சேறு காய்ந்த ரப்பர் செருப்பென்றால் தேயிலைத் தோட்டத்து ஆள், "வாங்கம்மா, பஸ்ஸுல கூட்டமுங்களா?" பாலிஷ் போட்ட சப்பாத்தென்றால் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த உத்தியோகத்தர், "வாங்கோ, இருங்கோ, என்ன பாக்கப் போறியள்?" குதி உயர்ந்த வெள்ளைச் செருப்பு சிங்கள டீச்சருடையது, "எண்ட டீச்சர், எண்ட" என்று சிங்களத்தில் வரவேற்பு வழியும். பள்ளிவாசல் வாசலில் கழற்றிப் போடத் தோதான தோல் செருப்பு வந்தால் தன் முஸ்லிம் வீட்டுப் பேச்சு, அதில் அண்ணன் 'நானா', சொல்லு என்பது 'செல்லு', "வாங்கோ நானா, செல்லுங்கோ."

பதுளை பஜாரில் முப்பது வருடமாகப் புடைவைக் கடை. மீட்டர் கோலால் துணி அளக்கும்போது சிங்களத்தில் எண்ணுவார். கோபம் வந்தால் தோட்டத்துத் தமிழில்தான் திட்டு வரும். லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவருடைய வாப்பா சின்னதாய் ஒரு கடை வைத்திருந்தார். பன்னிரண்டு வயது வரை தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு புரண்ட வாய் அது, எளிதில் திருந்துமா? விலையை மட்டும் எந்தப் பேச்சிலும் சொல்லமாட்டார். கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டுவார்.

இப்படி ஊருக்கெல்லாம் நாக்கை வளைத்துக் கொடுத்த மனிதருக்குப் போன வாரம் வந்தது சோதனை. மகள் நளீராவைப் பெண் கேட்டு கண்டிப் பக்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மாப்பிள்ளை ஷிபான் அவளோடு ஒன்றாகப் படித்தவன். இரண்டு பேருக்கும் மனம் ஒத்துப்போய்விட்டது. அவனுடைய வீட்டார்தான் குலம் கோத்திரம் என்று கொஞ்சம் இழுக்கிறார்கள்.

"அவங்கட முன்னுக்கு தோட்டத்துப் பேச்ச எடுத்திடாதீங்கோ," என்றாள் மனைவி நூருல் இனாயா. "எங்கட பேச்சுலயே செல்லுங்கோ. புள்ளட வாழ்க்க."

நளீரா வாப்பாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவரை உலுக்கிவிட்டது.

சனிக்கிழமை கடையில் ஒத்திகை பார்த்தார். செருப்பைப் பார்ப்பதில்லை, எவர் வந்தாலும் வீட்டுப் பேச்சுத்தான் என்று சபதம். பத்து மணிக்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. தோட்டத்துக் கிளார்க்கர் கிருஷ்ணராஜுக்கு ஸலாம் சொன்னார். அந்த மனிதரும் முகம் மாறாமல் பதில் ஸலாம் சொல்லிவிட்டு வேட்டி கேட்டார். பள்ளிவாசல் நிர்வாகி முஸ்தாக் வந்தபோது, "கும்புடுறேனுங்க" என்று கைகூப்பிவிட்டார். முஸ்தாக் ஹாஜியார் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். பாவம் அலவி, அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. எது வாயில் இருக்கிறது, எது மனதில் இருக்கிறது என்றே தெரியவில்லை அவருக்கு.

ஞாயிறு கடையைப் பூட்டினார். முப்பது வருடத்தில் பூட்டாத ஞாயிறு. தோட்டத்தில் அன்றுதான் லீவு, சனம் டவுனுக்கு இறங்கும் நாள். சம்பந்த யோசனையில் அது அவருக்கு மறந்தே போயிற்று.

கடைக்கு மேலே வீடு. வந்தவர்கள் படிக்கட்டின் கீழே செருப்புகளைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். "வாங்கோ, இரிங்கோ" வரைக்கும் அலவி நன்றாகத்தான் ஒப்பித்தார். இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. ஷிபானின் தகப்பனார் ஒரு கரண்டி எடுத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"ஒங்கட அசல் ஊரு எது?"

லுணுகலை என்பதா, பதுளை என்பதா, வாப்பாவின் வாப்பா பிறந்த ஊரைச் சொல்வதா? அதைச் சொல்ல எந்தப் பேச்சு? நான்கு பேச்சும் ஒன்றாக நாக்கு நுனியில் வந்து முட்டிக்கொண்டன. நூருல் இனாயா முந்தானையைத் திருகினாள். அந்த நேரம் பார்த்துக் கீழே கதவு தட்டும் சத்தம்.

"நானோவ்! கட பூட்டிக் கெடக்கே!"

ரெங்கம்மா. லுணுகலையில் அவர் வாப்பாவின் கடைக்கு அடுத்த லயத்தில் கூட வளர்ந்தவள். நாளைக்குத் தம்பி மகளுக்குச் சடங்கு. மாம்பழ நிறச் சேலையொன்றை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள். அலவி விழுந்தடித்து இறங்கினார். மேலே எல்லாம் கேட்கும்.

"இண்டைக்கு ஏலாது," என்று வீட்டுப் பேச்சிலேயே, தாழ்ந்த குரலில் சொன்னார். "நாளைக்கு வாங்கோ."

ரெங்கம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்க நானா, ஒடம்பு சொகமில்லையா? யாரோ எவரோ மாதிரி பேசுறீங்க?"

அவ்வளவுதான். அலவியின் வாயில் தோட்டத்துத் தமிழ் புரண்டு வந்தது. "ஒடம்புக்கு என்னா, கல்லாட்டம் இருக்கேன். அடி, விடிஞ்சா சடங்க வச்சிக்கிட்டு இப்பத்தான் வாறியா? உள்ள வா, உள்ள வா!" தெரு முழுக்கக் கேட்டது. இரண்டு நாளாக அடைபட்டிருந்த வாய், தம்பி சுகமா, மருமகன் எங்கே வேலை, பஸ் ஏன் பிந்தியது என்று நிற்காமல் ஓடியது. சேலையை மடித்துக் கொடுத்தபோதுதான் மேலே பேச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது அவருக்கு உறைத்தது.

படிக்கட்டின் தலைமாட்டில் நளீரா நின்றாள். கண் கலங்கியிருந்தது. அழுகையா, சிரிப்பை அடக்குகிறாளா, அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்து ஷிபானின் தகப்பனாரின் குரல் வந்தது.

"ஆரு அது, கீழ பேசுற?"

அலவி பதில் சொல்ல வாயைத் திறந்தார். படியடியில் விருந்தாளிகளின் தோல் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஓரத்தில் ரெங்கம்மாவின் ரப்பர் செருப்பு, சேற்றோடு. எந்தப் பேச்சு என்று தீர்மானிக்க இரண்டையும் பார்த்தார். பிறகு குனிந்து, தன் வெறுங்காலைப் பார்த்தபடி நின்றார்.