சிவப்பு நூல் கட்டிய கரண்டி

பன்றிக்கறிக் கரண்டியின் பிடியில் சிவப்பு நூல் கட்டிவைப்பது, திருப்போரூரிலிருந்து வந்த அந்தக் கட்டைக்குட்டைச் சமையல்காரரின் வழக்கம். அணுபுரம் குவார்ட்டர்ஸ் மாடியில் நான் விருந்து வைத்த அன்று, அவசரத்தில் அதே கரண்டியால் கோழி பிரியாணியைக் கிளறிவிட்டேன்.

“இன்னா சார் பண்ணிக்கீற? முஸ்லிம் ஃப்ரெண்டு வர்றாருன்னு நீதானே சொன்ன?” என்று கத்தினார்.

“அவருக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியுமே!” பிரியாணி அண்டாவையே தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்.

நண்பர் குடும்பத்தோடு படியேறி வந்தார்.

“மன்னிச்சுக்கோங்க பாய். என் கை தவறி கரண்டி மாறிடுச்சு, பிரியாணி வேணாம். புதுப் பாத்திரத்துல முட்டை அவிச்சுத் தர்றேன்” என்ற சமையல்காரர், என்னைத் திரும்பி ஒரு முறை முறைத்தார்.

என்னைக் காட்டிக்கொடுத்துத் தொலைத்திருக்கலாம் அந்த மனிதர். நண்பருக்கு முட்டை உரித்துக் கொடுத்தபடி வாயே திறக்காத என்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.