ஐந்தாம் நம்பர் மைக்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அந்தக் கச்சேரிக்கு சவுண்டு பார்த்தவள் நான். என் காதால் கேட்டதை மட்டும் சொல்கிறேன்.

என் கணவர் ராக் பாடகர். ஒரு காலத்தில் இவர் மேடையேறினால் அரங்கமே அதிரும். கூடவே பாடிய பெண் ஒரு வேன் விபத்தில் இறந்துபோனாள். அதன்பிறகு குடி, சண்டை, பாதியில் நின்ற கச்சேரிகள். எல்லாரும் கைகழுவிய மனிதரைக் கட்டிக்கொண்டு, குடியை நிறுத்தி, மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தவள் நான்.

அவர் ஒரே நிபந்தனைதான் போட்டார். பக்கத்தில் அந்தச் செத்தவளின் மைக் இருக்க வேண்டுமாம்.

எனக்கு வயிறு எரிந்தது. உயிரோடிருக்கும் சக்களத்தி என்றால் முடியைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம். செத்தவளை என்ன செய்வது? மைக்கை வைத்தேன். ஆனால் யாருக்கும் தெரியாமல் அதன் கேபிளைப் பிடுங்கிச் சுருட்டி, மேடையோரம் என் காலடியில் போட்டுக்கொண்டேன். மனசு கொஞ்சம் ஆறியது.

ஏழு பத்துக்கு முதல் பாட்டு. பழைய குரல் அப்படியே வந்தது. கூட்டம் எழுந்து ஆடியது. இனி இவர் எனக்குத்தான் என்று பூரித்துப்போனேன்.

அப்போதுதான் எல்லா மைக்கின் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் மிக்ஸரைப் பார்த்தேன். ஐந்தாம் நம்பரில் சத்தம் வருவதைக் காட்டும் பச்சை விளக்கு ஏறி இறங்கியது.

அது அவள் மைக்.

குனிந்து பார்த்தேன். கேபிள் என் காலடியில்தான் கிடந்தது...

ஹெட்போனை மாட்டி ஐந்தாம் நம்பரை மட்டும் கேட்டேன். ஸ்ஸ்ஸ்... பிறகு ஒரு பெண் குரல். அவரோடு சேர்ந்து பாடியது.

மேடையில் அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். என்னைப் பார்த்து ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

பயத்தைவிட ஆத்திரம்தான் முந்தியது. ஐந்தாம் நம்பரின் சத்தத்தை முழுசாக இறக்கினேன்.

அவர் பாடும் குரல் நின்றது.

வாய் மட்டும் அசைந்தது...

கூட்டம் கூச்சல் போட்டது. அவர் என்னிடம் ஓடிவந்து குனிந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அவள ஏத்து," என்றார். "உன் கால்ல வேணாலும் விழறேன்."

ஐந்தாம் நம்பரை ஏற்றினேன்.

குரல் வந்தது.

மறுநாள், கச்சேரியின் பதிவை ஒவ்வொரு மைக்காகப் பிரித்துக் கேட்டேன். அவர் மைக்கில் பாட்டே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் உதடு பிரிந்து மூடும் சத்தம் மட்டும்...

ஐந்தாம் நம்பரைப் போட்டேன். அதில் அவள் குரல் இருந்தது. அவர் குரலும் அதில்தான் இருந்தது.