தம்பானூரில் நின்ற கார்

ஆரியசாலையின் பின்சந்தில், மூட்டை இறக்கும் லாரிகளுக்கு நடுவே, சற்குணத்தின் பட்டறை இருக்கிறது. பட்டறை என்றால் ஒரு தகரக்கூரை, ஒரு மேசை, கார் ஒன்று நிற்க இடம், அவ்வளவுதான். பாறசாலைப் பக்கத்துக்காரர். ஐம்பத்தாறு வயதில் முப்பத்தைந்து வருடம் கார் வயர்களோடு மல்லுக்கட்டியவர். கோளாறு இன்னதென்று தெரியாமல் ஒரு சாமானையும் மாற்றமாட்டார். “இதை மாத்திப் பாப்போம்” என்று எவனாவது சொன்னால் போதும், அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். “மாத்திப் பாக்கதுக்கு அது என்ன சட்டையாடே?” என்று பாய்வார்.

அப்பேர்ப்பட்ட மனிதரின் மானத்தை ஒரு வெள்ளைக் கார் மூன்று வாரமாக வாங்கிக்கொண்டிருந்தது.

கரமனை சாம்பசிவனின் கார் அது. வண்டிக்கு இருபத்திரண்டு வயசு. அவர் மனைவி சீதாலக்ஷ்மிக்குத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். முடிந்து வரும்போது காலை நீட்டிப் படுத்தாக வேண்டும், இல்லையென்றால் தலை சுற்றும். அதற்காக டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டைக் கழற்றி, பலகை போட்டு, மெத்தை விரித்திருந்தார்கள். ஒரே ஒரு தடவை ஆட்டோவில் போனாள். குலுக்கிய குலுக்கலில் பாதி வழியில் மயக்கம். டாக்சிக்காரன் எவன் நமக்காகச் சீட்டைக் கழற்றுவான்? ஆகவே இந்தக் கார்தான், வேறு வழியில்லை.

அதுவோ ஓடிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துவிடும். விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், என்ஜின் மட்டும் செத்துக் கிடக்கும். இருபது நிமிடமோ முக்கால் மணியோ கழித்து ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். பட்டறைக்கு வந்தால் மட்டும் அப்படியொரு சமர்த்து! நிழலில் நாள் முழுக்க ஓடினாலும் ஒரு இருமல் கிடையாது. சற்குணத்துக்கு மண்டை காய்ந்துவிட்டது. தன் கொள்கையைத் தானே காற்றில் பறக்கவிட்டு, என்ஜினுக்குப் பொறி தரும் காயிலை மாற்றினார், பெட்ரோல் பம்பின் ரிலேயை மாற்றினார், சென்சாரையும் மாற்றினார். கார் மறுபடி நின்றது.

வியாழக்கிழமை காலை சாம்பசிவன் முகம் சிவந்து வந்து இறங்கினார்.

“சற்குணம், என்னால இனி முடியாது. நேத்திக்குத் தம்பானூர்ல பஸ்ஸுக்கெல்லாம் நடுவுல நின்னுடுத்து. அவ நாப்பது நிமிஷம் வெயில்ல வெந்தா. இனிமே ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேங்கறா. ரோட்டுல கிடந்து சாகறதுக்கு ஆத்துலயே கிடக்கேங்கறா. கேட்டேளா?”

“சாரே, நான் என்ன செய்யதுக்கு? பாக்காத இடம் இல்ல!”

“பின்னே ஏன் நிக்கறது?”

சற்குணம் வண்டிச்சாவியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். டயாலிசிஸை விட்டால் சீதாலக்ஷ்மி மாமி எத்தனை நாள் இருப்பாள் என்று அவருக்குத் தெரியும். நாளைக் காலை ஆறு மணிக்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

காரை நிழலிலிருந்து தெருவுக்குத் தள்ளி, பானெட்டை மூடி, என்ஜினை ஓடவிட்டு வெயிலில் வேகவைத்தார். “வழிய அடச்சு இதென்ன அண்ணா?” என்று லாரிக்காரன் கத்தினான். “செத்தாலும் எடுக்கமாட்டேன், போடே!” என்று இவர் திருப்பிக் கத்தினார். ஒன்றரை மணி நேரம் கழித்து, சனியன், அணைந்தது!

மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டிக்குக் கரன்ட் ஒழுங்காக வந்தது. ஆனால் அது திரும்பிப் போகிற எர்த் வழி எங்கோ அறுந்திருந்தது. கறுப்பு வயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். அது பானெட்டுக்கு உள்ளே, பாடியில் முறுக்கிய ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. போல்ட் எங்கே தெரிந்தது? அதன் மேல் விரற்கடை கனத்துக்குச் சந்தனம், அதற்கு மேல் குங்குமம்.

சற்குணத்தின் கை தானாகவே நின்றுவிட்டது. மூன்று வாரத்தில் பத்துத் தடவையாவது அந்த இடத்தைப் பார்த்திருப்பார், பத்துத் தடவையும் கை சுற்றிக்கொண்டு போயிருக்கும். வெகுகாலம் முன்பு ஒரு வீட்டில் பானெட்டின் குங்குமத்தைப் பெட்ரோல் துணியால் துடைத்ததற்கு, வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்துவிட்டார். சற்குணமோ ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர். அன்றிலிருந்து இந்து வீட்டார் சாமி பேரில் பூசிய எதையும் தொடுவதில்லை.

இப்போது சுரண்டினார். ஈரச் சந்தனம் வாரா வாரம் இறங்கி, அடியில் வயரின் முனை பச்சையாய்ப் பூத்து அரித்திருந்தது. சூடானால் தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். தேய்த்துப் புது முனை போட்டு முறுக்க அரை மணி நேர வேலை! தலையில் அடித்துக்கொண்டார்.

மாலை காரைக் கொண்டுபோய் விட்டபோது மறைக்காமல் சொல்லிவிட்டார். சீதாலக்ஷ்மி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வெள்ளிக்கிழமை தோறும் பானெட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே நான்தான் வெச்சேன். வண்டி நிக்கப்படாதேன்னு வெச்சேன். ஆமா, தொட்டா கோவிச்சுப்பேன்னு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல்ல மாமி. உங்க காரியமில்லியா, நானாட்டு விட்டுட்டேன்.”

“மாமி, இதைத் தொடைக்கலாமான்னு ஒரு வார்த்தை கேக்கப்படாதா? மூணு வாரம்! வெயில்ல கிடந்தது நானாக்கும். உங்க மரியாதையை வெச்சுண்டு நான் என்ன பண்றது?”

மரியாதை என்று இத்தனை வருடம் நினைத்தது வெறும் பயம்தான் என்று சற்குணத்துக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

“நாளைக்கு நான் ஓட்டுதேன் மாமி. நீங்க வரணும்.”

“நின்னா?”

“நின்னா அப்புறம் இந்தத் தொழிலுக்கே வரமாட்டேன்.”

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குச் சீதாலக்ஷ்மி கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து மெத்தையில் படுத்தாள்.

காலைக் குளிரில் ஓடுவது பெரிய காரியமில்லை, திரும்பும்போதுதான் பரீட்சை. பதினோரு மணி வெயிலில் தம்பானூர் சிக்னலில் மாட்டிக்கொண்டார்கள். முன்னும் பின்னும் பஸ். பின்சீட்டில் சாம்பசிவன் மனைவிக்கு விசிறிக்கொண்டிருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பச்சை விழுந்தது, கார் நகர்ந்தது.

கண்ணைத் திறக்காமலேயே சீதாலக்ஷ்மி கேட்டாள்.

“தம்பானூர் வந்துடுத்தா?”

“தாண்டியாச்சு மாமி.”

அவள் கணவர் பக்கம் தலையைத் திருப்பினாள்.

“சரி. திங்கக்கிழமையும் போலாம்.”